ஆடு மேயும் விளையில் மண் கரிமம் சேர்ப்பது: திருநெல்வேலி மானாவாரிக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ வளைகுடாவிலோ கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, பங்காக வந்த நாலைந்து ஏக்கர் விளையில், அதாவது மழையை நம்பிய புன்செய் நிலத்தில், ஆடு வளர்க்கலாம் என்று நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் திரும்பி வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வந்ததும் கொட்டகை எப்படிப் போடுவது, கன்னி இன ஆடு வாங்குவதா கொடி இன ஆடு வாங்குவதா, குட்டி எத்தனை மாதத்தில் விலை போகும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆடு தின்னப்போகிற புல் எந்த மண்ணில் முளைக்கப்போகிறது, அந்த மண்ணில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று கேட்பவர் ரொம்பக் குறைவு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம், இருபத்தைந்து ஆடு, கிணறு இருந்தாலும் கோடையில் வற்றிவிடும் என்று வைத்துக்கொள்வோம். கடையம், பாபநாசம் பக்கம் சாரல் விழுகிற ஊர்க்காரர்களுக்கு மாதக் கணக்கு கொஞ்சம் மாறும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மண்ணுக்கு உயிர் தருவது அதில் இருக்கிற கரிமம், அதாவது கார்பன். அது எப்படி மண்ணுக்குள் போகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். புல் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து வெயிலில் சர்க்கரையாக்கி, அதில் ஒரு பங்கை வேருக்கு அனுப்புகிறது. வேர் ஓரத்தில் கசிகிற சர்க்கரையை நுண்ணுயிரும் பூஞ்சையும் தின்று பெருகுகின்றன, வேர் சாகிறது, நுண்ணுயிரும் சாகிறது, அந்த மிச்சத்தில் ஒரு பகுதி களித் துகள்களில் ஒட்டிக்கொண்டு பல ஆண்டு நிற்கிறது. மேலே போடுகிற சாணியும் தழையும் நல்லதுதான், ஆனால் நம் வெயிலுக்கு அதில் பெரும்பகுதி மக்கி மறுபடி காற்றோடு போய்விடும். வேர் வழியாக உள்ளே போவதுதான் அதிகம் தங்கும். அதனால் நம் வேலை, ஆண்டில் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் உயிருள்ள வேர் மண்ணுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

புல்லை ஆடு ஒட்டக் கடித்துவிட்டால், அது அடித்தூரிலும் வேரிலும் வைத்திருக்கிற சேமிப்பை எடுத்துத்தான் மறுபடி துளிர்விடும். அந்த நேரத்தில் வேர் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும். துளிர் வந்த நாலாம் நாள் ஆடு திரும்ப வந்து அதே துளிரைக் கடித்தால், சேமிப்பு இன்னும் குறையும். இப்படியே இரண்டு மூன்று மழைக்காலம் போனால் நல்ல புல்லெல்லாம் காணாமல் போய், ஆடு வாய் வைக்காத கொழிஞ்சியும் எருக்கும் ஊமத்தையும்தான் மிஞ்சும். நாலுவழிச் சாலை ஓரமாகப் போகும்போது இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட நிலத்தைப் பார்க்கலாம். பச்சையாகத் தெரியும், ஆடு தின்ன ஒன்றும் இருக்காது. கடித்த புல்லுக்கு முழுதாக எழுந்து நிற்கும் வரை ஓய்வு கொடுத்தால் இது நடக்காது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஓய்வை எப்படி ஏற்பாடு செய்வது என்பதைப் பற்றித்தான்.

முதல் வேலை: மண்ணைப் பார்ப்பது, அளப்பது

எதையும் விதைக்கும் முன், வேலி போடும் முன், ஆவணி மாதத்தில் மழைக்கு முன்னால் மண்வெட்டியோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மண்புழுப் பொந்தோ எறும்புப் பொந்தோ இருக்கிறதா, எந்த ஆழத்தில் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கரிமம் உள்ள மண்கட்டி கொஞ்ச நேரம் உருவம் கெடாமல் நிற்கும், இல்லாத மண் ஒரு நிமிடத்துக்குள் பொலபொலவென்று கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேலி ஓரத்தில் ஆடு நுழையாத இடத்திலிருந்து ஒரு கட்டி, நடு விளையிலிருந்து ஒரு கட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேலி ஓரத்துக் கட்டிதான் நிற்கும். உங்கள் நிலம் எந்த அளவுக்கு உயர முடியும் என்பதற்கு அந்த வேலி ஓர மண்ணே ஓர் அடையாளம்.

அடுத்து மாதிரி எடுப்பது. ஐந்து ஏக்கரும் ஒரே மாதிரி இருக்காது. மேட்டில் சரள், பள்ளத்தில் கொஞ்சம் களி, ஒரு மூலையில் தேரி மணல் (காற்று குவித்த செம்மணல்) என்று இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை மட்டும் ஒதுக்கிவிட்டு, 0 முதல் 15 செ.மீ. வரை ஒரு வாளி, 15 முதல் 30 செ.மீ. வரை இன்னொரு வாளி. மரத்தடி, ஆட்டுத் தொழு இருந்த இடம், வரப்பு, நடைபாதை, பழைய குப்பைக்குழி இவற்றை விட்டுவிடுங்கள், இங்கெல்லாம் எடுத்தால் கணக்கு ஏறிக் காட்டும். ஒவ்வொரு வாளி மண்ணையும் நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். எடுத்த இடங்களைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வையுங்கள். இதை மறக்கக் கூடாது, ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். வருகிற முடிவில் அங்ககக் கரிமம் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கரிமம்) என்று ஒரு சதவீதம் இருக்கும். 0.5-க்குக் கீழே என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நம் பக்கத்துச் செம்மண் விளையில் 0.5-க்குக் கீழே வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், மனம் தளரவும் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக் கல் அதிகம், தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான். கரிசல் மண்ணிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பரல் கிடக்கும். சுண்ணாம்பிலும் கரிமம் உண்டு, ஆனால் அது பாறைக் கரிமம், புல் சேர்த்ததல்ல. வழக்கமான வாக்லி பிளாக் என்ற வேதி முறையில் பரிசோதித்தால் அது கணக்கில் வராது. தனியார் ஆய்வுக்கூடத்தில் மண்ணை எரித்து மொத்தக் கரிமம் பார்ப்பதாக இருந்தால், சுண்ணாம்பை அமிலத்தால் நீக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது சரள் நிலம். 2 மி.மீ. சல்லடையில் சலித்துத்தான் மண்ணைப் பரிசோதிப்பார்கள், சரளில் புல் சேர்த்த கரிமம் இருக்காது. நிலத்தில் கால்வாசி சரள் என்றால் ஏக்கர் கணக்குப் போடும்போது அந்தக் கால்வாசியைக் கழிக்க வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 30 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 1,214 கன மீட்டர். மணற்பாங்கான செம்மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.5 டன், ஆக ஏக்கருக்கு 1,820 டன் மண். கரிமம் 0.4 சதவீதம் என்றால் 7.3 டன். அதை 0.5 ஆக்கினால் கூடுதலாக 1.8 டன் கரிமம், கரியமில வாயுக் கணக்கில் அதை 3.67-ஆல் பெருக்க வேண்டும், 6.7 டன் வரும். அந்தச் சின்னத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இவ்வளவு கனம் இருக்கிறது.

வேலியும் பேச்சுவார்த்தையும்

வேலி இல்லாமல் ஓய்வு கொடுக்க முடியாது. நீங்கள் உங்கள் ஆட்டைக் கட்டிப்போட்டால், பக்கத்து ஊர் மந்தை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். அறுத்த நிலத்திலும் தரிசிலும் யார் ஆடும் மேயலாம் என்பது நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிற வழக்கம், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது, நிலம் இல்லாத ஆட்டுக்காரர்கள் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அதனால் வேலி போடும் முன் போய்ப் பேசுங்கள். "அண்ணாச்சி, ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் மட்டும் இங்க விடாதீங்க, மாசியில நானே கூப்பிடுதேன், ரெண்டு நாள் உங்க ஆடு மேயட்டும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கம்பி இழுத்தால் ஒரு நாள் ராத்திரி கம்பி அறுந்து கிடக்கும். நிலத்தை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு (பொது மேய்ச்சல் நிலம்) இருந்தால் சர்வேயரை வைத்து எல்லையைச் சரிபார்த்துவிட்டு வேலி போடுங்கள்.

வெளி வேலிக்குச் சீமைக்கருவேல முள்ளே போதும், நாளடைவில் உள்பக்கமாகக் கிளுவைப் போத்து ஊன்றி உயிர்வேலியாக்கிக்கொள்ளலாம். உள்ளே துண்டு பிரிக்க நிரந்தர வேலி தேவையில்லை. ராத்திரி ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்கள் வைத்திருக்கிற நைலான் வலையும் ஊன்றுகம்பும் வாங்கினால், அதையே நகர்த்தி நகர்த்திக் கட்டலாம். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், அது குற்றம், மனித உயிரே போயிருக்கிறது.

துண்டு பிரித்து மேய்ப்பது

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நிலத்தில் எவ்வளவு தீனி நிற்கிறது என்று தெரிய வேண்டும். கம்பியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் செய்து, நிலத்தில் ஏழெட்டு இடத்தில் போட்டு, உள்ளே இருக்கிற புல்லை அறுத்து, உலர்த்தி, எடை போட்டுச் சராசரி பாருங்கள். மழை ஓய்ந்த பிறகு சராசரி 150 கிராம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 600 கிலோ உலர்தீனி. அதில் பாதிதான் ஆட்டுக்கு, மறுபாதி நிலத்துக்கு. நிலத்துக்கு விடுகிற பாதி வீணில்லை, அதுதான் மறுபடி துளிர்க்கும் இலை, கோடையில் மண்ணை மூடும் போர்வை. ஆக 300 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஆடு ஒரு நாளைக்கு உடல் எடையில் மூன்றரை சதவீதம், அதாவது ஏறக்குறைய 900 கிராம் உலர்தீனி தின்னும். இருபத்தைந்து ஆட்டுக்கு நாளைக்கு 22 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஏக்கர் பதின்மூன்று நாளைக்கு வரும், ஐந்து ஏக்கரும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் புதிதாக வருகிறவர்கள் திகைத்துப்போகிறார்கள். வருடம் பன்னிரண்டு மாதமும் ஐந்து ஏக்கரில் மட்டுமே இருபத்தைந்து ஆடு பிழைக்கும் என்ற நினைப்புதான் நம் விளைகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. மறுதுளிர் ஒன்றிரண்டு சுற்று கிடைக்கும், மரத்தழையும் உடை மரத்து நெற்றும் கிடைக்கும், மிச்சத்துக்குச் சோளத்தட்டை, கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, வைக்கோல் என்று சேர்த்துவைக்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் ஆட்டைக் குறைக்க வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

ஐந்து ஏக்கரை எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டில் ஐந்து நாளுக்கு மேல் ஆடு நிற்கக் கூடாது, ஏனென்றால் மழைக்காலத்தில் ஐந்தாறு நாளில் முதல் துளிர் வந்துவிடும், அதைக் கடிக்கவிட்டால் நாம் துண்டு பிரித்ததே வீண். எட்டுத் துண்டு, துண்டுக்கு ஐந்து நாள் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் முப்பத்தைந்து நாள் ஓய்வு. மழை நன்றாகப் பெய்கிற கார்த்திகையில் இது போதும். மழை விட்டுப்போன பிறகு புல் மெதுவாகத்தான் எழும், அப்போது தேதியைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். கடித்த தூர் திரும்ப முழங்கால் உயரம் வந்து இலை விரிந்திருந்தால் உள்ளே விடலாம். அரைச் சாண் உயரத்துக்கு மேய்ந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், ஐந்து நாள் ஆகியிருந்தாலும் சரி, மூன்று நாளிலேயே ஆகியிருந்தாலும் சரி. குடற்புழுத் தொல்லையும் இதில் குறையும், புழுக்கையிலிருந்து முட்டை பொரித்து லார்வா புல்லில் ஏறும் முன் ஆடு இடம் மாறிவிடும்.

எட்டில் ஒரு துண்டை, நல்ல புல் தூர் இருக்கிற துண்டை, ஐப்பசி முதல் தை வரை முழுக்கப் பூட்டிவையுங்கள். அந்த மாதங்களில் சுற்றுக்கு மற்ற ஏழுதான், ஓய்வு முப்பது நாளாகும். அது பூத்து விதை உதிரட்டும். அடுத்த வருடம் வேறு துண்டு. இன்னொரு துண்டை, ஏற்கெனவே கெட்டுப்போன, தொழுவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றை, கோடையில் ஆடு நிற்க என்று ஒதுக்கிவிடுங்கள். மேய ஒன்றும் இல்லாத பங்குனி, சித்திரையில் எல்லாத் துண்டிலும் திறந்துவிட்டால் காய்ந்த அடித்தூரையும் கொறித்துவிடும், குளம்பு பட்டு மண் பொடியாகும். ஒரு துண்டு அடி வாங்கட்டும், மற்ற ஏழும் பிழைக்கும்.

நம் ஊர் மாதக் கணக்கு

நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் புல் கிளம்பும், பார்க்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும், ஆட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். ஒரு மாதம், முடிந்தால் நாற்பது நாள், பொறுங்கள். வருடத்தில் வேர் அதிகம் வளர்கிற காலம் இதுதான். இந்த நாற்பது நாளுக்கான தீனியைக் கோடையிலேயே கணக்குப் பண்ணி அடுக்கி வைத்திருக்க வேண்டும், கரிமம் சேர்க்கும் வேலையில் பாதி இந்த வைக்கோல் படப்புதான். கார்த்திகை பாதியிலிருந்து மாசி வரை சுற்று மேய்ச்சல். மாசி, பங்குனியில் தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் (பின்பருவ நெல்) அறுவடை முடியும், அப்போது மந்தையை வயல்காட்டுத் தாளுக்கு, அறுத்த அடிக்கட்டைக்கு, கொண்டுபோக முடிந்தால் விளைக்கு நல்ல ஓய்வு.

அப்புறம் ஆனி, ஆடி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இவ்வளவு காற்றாலை ஏன் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்று மூடாக்கு இல்லாத விளையில் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும், கரிமம் அதிகம் இருப்பதும் அந்த மேல்மண்ணில்தான். வைகாசிக் கடைசியில் நிலத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் தரை ஏதாவது ஒன்றால், நிற்கிற தூரோ காய்ந்த இலையோ, மூடியிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த மழையில், வெறும் தரையாகக் கிடந்த நிலம் எப்படி அரித்துப்போனது, புல் இருந்த நிலம் எப்படி நின்றது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

என்ன விதைப்பது

ஓய்வு கொடுத்த முதல் மழைக்காலத்தில் எது தானாக வருகிறது என்று பாருங்கள். மண்ணுக்குள் விதை இருந்தால் கொழுக்கட்டைப்புல், மயில்கொண்டைப்புல், அருகு எல்லாம் தலைகாட்டும். அப்படி வந்தால் விதைக்குச் செலவு செய்ய வேண்டாம். வரவில்லை என்றால் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள், நம் வறட்சிக்கு அதை மிஞ்சிய மேய்ச்சல் புல் கிடையாது, வேர் ஆழமாகப் போகும், மிதி தாங்கும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். அறுத்த உடனே உள்ள புது விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் பழசான விதையாகக் கேட்டு வாங்குங்கள். விதை பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், காற்றில் பறக்கும். ஈர மணலும் சாணித்தூளும் கலந்து தூவினால் ஒழுங்காக விழும். ஆழமாக உழ வேண்டாம், மேலாகக் கீறிவிட்டு விதைத்து ஆட்டை ஒரு நாள் மேலே நடக்கவிட்டால் மண்ணோடு அழுந்திவிடும். முதல் வருடம் அந்தத் துண்டில் மேய்ச்சலே கூடாது.

புல் மட்டும் இருந்தால் தழைச்சத்து போதாது, பயறு இனம் கூட வேண்டும். செம்மண், மணல்பாங்கு என்றால் முயல்மசால். கரிசல் என்றால் முயல்மசால் தேறாது, வேலிமசாலும் சங்குப்பூவும் போடுங்கள். மசால் விதைகளுக்குத் தோல் கெட்டி, கொதிக்கவைத்து இறக்கிக் கொஞ்சம் ஆறின தண்ணீரில், 80 டிகிரி சூட்டில், நாலைந்து நிமிடம் போட்டெடுத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு நன்றாக வரும். அங்கங்கே கிடக்கிற கொழிஞ்சியை விரட்ட வேண்டாம், ஆடு தொடாது என்றாலும் அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது.

மரத்தை விட்டுவிடாதீர்கள். நம் தெற்குச் சீமைக்கே அடையாளமான குடை விரித்தாற்போல நிற்கிற உடை மரம், வெள்வேல், வாகை இவை ஏக்கருக்குப் பதினைந்து இருபது நின்றால் ஆட்டுக்கு நிழல், கோடையில் நெற்று, மண்ணுக்கு ஆழமான வேர். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்று ஒரு பழைய முறை இருக்கிறது. கொழுக்கட்டைப்புல் தரை, நடுநடுவே வெள்வேல், சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே முறைவைத்து மேய்ச்சல். தலைமுறை தலைமுறையாக மழையை மட்டும் நம்பி நடக்கிறது. முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எவ்வளவு படித்தாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும். தொரட்டியால் தழை ஒடிக்கும்போது ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒடிக்காதீர்கள்.

சீமைக்கருவேலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மொத்தமாக ஜேசிபி வைத்துத் தோண்டி எடுத்தால், மண்ணைத் தலைகீழாகப் புரட்டி, சேர்ந்திருக்கிற கொஞ்சக் கரிமத்தையும் வெயிலில் போட்டு எரிக்கிற மாதிரி. வருடத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, கட்டையிலிருந்து துளிர்ப்பதை ஆடு கடிக்கவிட்டு, அந்த இடத்தில் புல்லை ஏற்றிக்கொண்டே போங்கள். முள் வேலிக்கு ஆகும், கட்டை கரி மூட்டத்துக்கு ஆகும். மூட்டம் போட்ட இடத்தில் மிஞ்சுகிற கரித்தூள் கிடைத்தால் தொழுவில் பரப்பி, ஆட்டு மூத்திரத்தில் ஊறவிட்டு நிலத்துக்குக் கொண்டுபோங்கள், கரி சீக்கிரம் மக்காது.

சாணமும் கிடையும்

கிடை போடுவது நம் பழக்கம். வயல்காரர்கள் ராத்திரிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஆட்டுக்கிடை வைப்பார்கள். நெல்லுக்கு அது அருமையான உரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விளையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் ஆடு விளையில் மேய்கிறது, ராத்திரி வயலில் புழுக்கை போடுகிறது. இது வருடம் வருடமாக நடந்தால் விளையின் சத்து கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குக் குடிபோகிறது. லாரிக்காரரிடம் மூட்டை மூட்டையாகப் புழுக்கை விற்பதும் இதேதான். கையில் காசு வருவதால் யாருக்கும் இது நஷ்டமாகத் தெரிவதில்லை, புல் மெலிந்துபோகும்போதுதான் தெரியும், அப்போதும் மழை இல்லை என்று மழை மேல் பழிபோடுவார்கள்.

அதனால் உங்கள் கிடையை உங்கள் விளைக்குள்ளேயே போடுங்கள். வலையைக் கட்டி, புல்லே வராத மொட்டைத் திட்டுகளாகப் பார்த்து, ஒரு இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி, பிறகு பக்கத்துத் திட்டு. ஆவணி, புரட்டாசியில் செய்தால் அடுத்து வரும் மழையில் உரம் உள்ளே இறங்கும், அந்த இடத்தில்தான் முதலில் புல் எழும். நாய், நரித் தொல்லையோ திருட்டோ இருந்து தொழுவில்தான் அடைக்க வேண்டும் என்றால், தொழுப் புழுக்கையைச் சருகோடு சேர்த்து நிழலில் மக்கவைத்து முதல் மழையோடு திருப்பி நிலத்தில் போடுங்கள். பணத் தேவைக்குக் கொஞ்சம் விற்க வேண்டியிருந்தால் விற்கலாம், எல்லாவற்றையும் விற்காதீர்கள். பிசானம் முடிந்து வயலில் தாள் மேய்கிற நாட்களில் வயலிலேயே கிடை போடுவது நியாயம், அங்கே தின்றதை அங்கே விடுகிறது.

மாடும் வைத்திருந்தால் சாணி உருட்டும் வண்டுகளைக் கவனியுங்கள். சாணியை உருட்டி மண்ணுக்குள் புதைக்கிற வேலையை அவை கூலியில்லாமல் செய்கின்றன. ஐவர்மெக்டின் மாதிரி குடற்புழு மருந்து கொடுத்தால் சில நாளைக்குச் சாணியில் அது வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்லும். மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ சாணத்தைப் பரிசோதித்து, புழு இருக்கிற ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள், கொடுத்த சில நாளைக்கு அதைத் தொழுவில் வையுங்கள்.

குளத்து வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கிற வருடம் மணல் திட்டுகளுக்குக் கொஞ்சம் அடியுங்கள். மணல் கரிமத்தைப் பிடித்துவைக்காது, களி பிடித்துவைக்கும். அனுமதி வாங்கும் வழியைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் தீ உள்ளே தாண்டாதபடி எல்லை நெடுக ஒரு பட்டைக்குப் புல்லைச் செதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டின் வாயுவும் கரிமப் பணமும்

ஆடு அசைபோடும்போது மீத்தேன் விடுகிறது, அதை மறைத்துவிட்டுக் கரிமம் பேசுவது நேர்மையில்லை. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு வளரும் நாடுகளுக்குத் தருகிற பொதுக் கணக்குப்படி ஒரு ஆடு ஆண்டுக்கு 5 கிலோ. இருபத்தைந்து ஆட்டுக்கு 125 கிலோ. மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடாக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு மூன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஐந்து ஏக்கரில் கரிமம் பத்து வருடத்தில் 0.1 சதவீதம் ஏறினால் மொத்தம் 33 டன், அதாவது ஆண்டுக்கு மூன்றே கால் டன் கரியமில வாயு உள்ளே போகிறது. கிட்டத்தட்ட ஆட்டின் வாயுவுக்கு அது ஈடாகும், அவ்வளவுதான். இதனால்தான் ஈனாத ஆட்டையும் வயசான கிடாவையும் சும்மா வைத்துத் தீனி போடாமல் கழித்துவிட வேண்டும், குட்டியைப் பருவத்தில் விற்க வேண்டும் என்கிறேன். ஆடு குறைந்தால் புல்லும் மிஞ்சும்.

கரிமத்துக்குப் பணம் தருகிறோம் என்று யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், எத்தனை வருடம் நிலத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், அளக்கும் செலவு யாருடையது, கரிமம் குறைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் மண் கரிமத் திட்டத்தில் சேர்கிறவர்கள் 25 ஆண்டோ 100 ஆண்டோ அந்தக் கரிமத்தைக் காப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகள், அளக்கும் செலவு தாங்கும். ஐந்து ஏக்கருக்கு அது தாங்காது. நமக்குக் கிடைக்கிற லாபம் பங்குனியிலும் நிற்கிற புல்லும், ஒரு மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்குவதும்தான், அதற்காகவே செய்யலாம்.

திரும்ப அளப்பது

ஒவ்வொரு வருடமும் ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டாம், ஓராண்டு மாற்றம் அளவுப் பிழைக்குள்ளேயே அமுங்கிவிடும். வருடா வருடம் செய்ய வேண்டியது வேறு. இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பாவை நிலத்தில் பாதி அடித்து இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிவையுங்கள். வைகாசியில் எவ்வளவு தரை மூடியிருக்கிறது என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். தம்ளர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எந்தத் துண்டில் ஆடு எந்தத் தேதி நுழைந்தது, எப்போது வெளியே வந்தது என்று ஒரு நோட்டு போடுங்கள், இது இல்லாமல் எது பலித்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

ஐந்தாம் ஆண்டு அதே ஆவணியில், குறித்துவைத்த அதே இடங்களில், அதே இரண்டு ஆழத்தில் மண் எடுத்து, முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். எண் ஏறியிருந்தால் நல்லது. ஏறவில்லை, ஆனால் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது, தரை மூடியிருக்கிறது என்றால் முறையை மாற்றாமல் தொடருங்கள். மூன்றுமே மாறவில்லை என்றால் நோட்டை எடுத்து ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த நாற்பது நாளில்தான் ஆடு உள்ளே போயிருக்கும்.